சமையலறைப் பக்கத்துக் கிளைகள்

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பிளஸ் ஒன்னில் பெஞ்சுக்கு ஆறு பேர் உட்காரவேண்டிய நிலை. ஆய்வுக்கூடத்தில் மூன்று நுண்ணோக்கிகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. தலைமையாசிரியையிடம் சொன்னேன், "பார்ப்போம் ஹெப்சிபா" என்றார்.

மாலையில் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனபோதுதான் நாவல் மரத்தைப் பார்த்தேன். சமையலறைக்கு மேலே நீண்டிருக்கும் கிளைகளில் இலைகள் துவண்டு தொங்குகின்றன. மதிய வெயிலில் இலை துவள்வது சகஜம்தான். வேர் அனுப்புகிற தண்ணீரைவிட இலைகள் அதிகமாகக் காற்றில் விட்டுவிட்டால் செல்கள் விறைப்பு இழந்துவிடும். வெயில் சாய்ந்ததும் நிமிர்ந்துகொள்ளும். இது ஆறு மணிக்கும் நிமிரவில்லை. அடிமண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். நல்ல ஈரம். ஈரத்தில் நிற்கிற மரம் எதற்காகத் தாகத்தில் வாட வேண்டும்?

எனக்கு உடனே பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சியின் முகம்தான் ஞாபகம் வந்தது. மரம் நிற்பது எங்கள் காம்பவுண்டுக்குள், சுவரை ஒட்டி. பாதிக் கிளைகள் எங்கள் வீட்டுக்கு மேலே, பாதி அவர் மொட்டைமாடிக்கு மேலே. போன மாதம் சோலார் தகடு போட்டுவிட்டு வந்து நின்றார். "டீச்சர், எம் பக்கத்துக் கெளைய மட்டும் வெட்டிக்கிடட்டுமா? பழம் விழுந்து தகடெல்லாம் ஊதாக் கலராக் கெடக்கு" என்றார். முடியாது என்றேன். "அப்ப அது தானாப் பட்டாத்தான் உண்டு போல" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அந்தச் சிரிப்பு இப்போது வேறு மாதிரித் தெரிகிறது.

ஜூன் 12, வியாழன்

துவண்ட இலைகள் பழுப்பாகிவிட்டன. உதிரவும் இல்லை. தானாக உதிர்கிற இலைக்குக் காம்பில் ஒரு தடுப்புச்சுவர் உருவாகும், மரம் அதை முறையாக வழியனுப்பும். இவை அப்படியே காய்ந்து கிளையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திடீரென்று செத்த இலைகள்.

செல்வினிடம் காட்டினேன். என் கணவர் மரம் மட்டை பக்கம் திரும்பிப் பார்க்கிறவர் இல்லை. இன்று அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "வயசாயிருக்கும்லா ஹெப்சி" என்றார். நாவலுக்கு முப்பத்தைந்தெல்லாம் ஒரு வயதா? என் அப்பா ரிட்டயர் ஆனபோது வைத்த கன்று அது. ஆவுடையப்பன் அண்ணாச்சி மேல் சந்தேகம் என்று சொன்னேன். "நமக்கெதுக்கு வம்பு? ஆதாரம் இல்லாம பேசப்படாது" என்றார்.

ஆனாலும் சாயங்காலம் தானே ட்யூபை இழுத்துப்போய் அடிமரத்தில் தண்ணீர் விட்டார். திருமணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. மனசு இளகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம். எட்டிப் பார்த்தால் ஆவுடையப்பன் அண்ணாச்சி சுவர் ஓரமாகக் குனிந்து வெள்ளைப் பாட்டிலில் இருந்து எதையோ ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி ஊத்துதீங்க?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பினாயில் டீச்சர். எலி செத்து நாறுது."

"பினாயிலா? வெள்ளைப் பாட்டில்லயா?"

"ஏன், பாட்டில் எந்தக் கலர்ல இருக்கணும்?"

"மரத்துல ஒரு பக்கம் காயுது. உங்களுக்குத் தெரியுமா?"

"காயுதா? நான் மேல ஏறவே இல்ல. முட்டு வலி." அப்புறம்தான் அவருக்கு நான் கேட்டதன் பொருள் எட்டியது. முகம் மாறிவிட்டது. "டீச்சர், நீங்க என்ன கேக்கீங்கன்னு புரியுது. நான் மின்வாரியத்துல வேலை பார்த்தவன். கெளைய வெட்டணும்னா ஆள் வச்சு வெட்டத் தெரியும். திருட்டுத்தனம் பண்ணத் தெரியாது."

குற்றம் செய்யாதவன் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்வானா?

ஜூன் 16, திங்கள்

அண்ணாச்சியின் மனைவி உலகம்மா அக்கா பாயசம் கொடுத்துவிட்டாள். திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். எஸ்.ஐ. முதலில் தயங்கினார். "மரத்துக்கெல்லாம் கேஸ் போடுததுன்னா..." என்று இழுத்தார். அவர் மகள் போன வருடம் என் வகுப்பு. நல்ல மதிப்பெண். கடைசியில், "கூப்பிட்டு விசாரிக்கேன் டீச்சர், நீங்க போங்க" என்றார்.

செல்வின் கூட வரவில்லை. தலைவலி என்று லீவு போட்டுப் படுத்திருந்தார். வரும்போது அவருக்குப் பிடிக்குமே என்று அல்வா வாங்கி வந்தேன். தொடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலை எட்டு மணிக்கு, நாங்கள் வேலைக்குக் கிளம்பும் முன், இரண்டு போலீஸ்காரர்கள் வந்து ஆவுடையப்பன் அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் போனார்கள். அவர் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார், அதற்குக்கூட விடவில்லை. பனியனும் வேட்டியுமாக ஜீப்பில் ஏறினார். தெருவில் எல்லா கேட்டிலும் ஆள் நின்றது. உலகம்மா அக்கா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மதியம் விட்டுவிட்டார்களாம். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள். தெரு சங்கத்தின் செயலாளர் பதவியிலிருந்து அவரை எடுத்துவிட வேண்டும் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

செல்வின் கேட்டார்: "அவரை அடிச்சாங்களா?"

"ஏன் அடிக்கப் போறாங்க?"

"சும்மா கேட்டேன்."

சாயங்காலம் மறுபடியும் மரத்துக்குத் தண்ணீர் விட்டார். நான் போதும் என்றேன். இன்னும் கொஞ்சம் என்றார்.

ஜூன் 25, புதன்

பிளஸ் ஒன்னுக்குத் தாவரங்களில் நீர் கடத்தல். வருடா வருடம் செய்கிற சோதனைதான். வெள்ளைப் பூ விட்ட காசித்தும்பைத் தண்டை அடியிலிருந்து நெடுக்காகப் பிளந்து, ஒரு பாதியைச் சிவப்பு மைத் தண்ணீரிலும் மறுபாதியை நீல மைத் தண்ணீரிலும் வைத்தேன். ஜன்னல் ஓரம் காற்றும் வெயிலும் படுகிற இடத்தில் வைத்ததால் மதியத்துக்குள் ஏறிவிட்டது. பூவில் ஒரு பாதி சிவப்பு, மறுபாதி நீலம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"செடிக்கு நம்மைப் போல இதயம் கிடையாது," என்று சொன்னேன். "தண்ணியைக் கீழே இருந்து யாரும் தள்ளலை. மேலே இலை வெயிலில் ஆவியாக விடுது. ஒரு துளி போனா அடுத்த துளி இழுபடுது. இலையில இருந்து வேர் நுனி வரைக்கும் அறுபடாத ஒரே நூல் மாதிரி. தண்ணியில என்ன கலந்திருந்தாலும் அந்த நூலோடு சேர்ந்து ஏறும்."

ஷர்மிளா பானு என்ற பெண் எழுந்து கேட்டாள்: "மிஸ், ஏன் ரெண்டு கலரும் கலக்கலை?"

"ஒவ்வொரு குழாயும் தனித்தனி. வலப்பக்கத்து வேர் எடுக்கிற தண்ணி பெரும்பாலும் வலப்பக்கத்துக் கிளைக்குத்தான் போகும்."

"அப்ப மிஸ், ஒரு பக்கக் கிளை மட்டும் காஞ்சா, அடியில அந்தப் பக்கம்தான் ஏதோ ஆகியிருக்குன்னு அர்த்தமா?"

மணி அடித்துவிட்டது.

ஜூன் 26, வியாழன்

மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். அண்ணாச்சி வீட்டுக்கு மேலே உள்ள கிளைகள் பச்சைப்பசேல் என்று இருக்கின்றன. பழம்கூடத் தொங்குகிறது. காய்வது எங்கள் பக்கம் மட்டும்தான்.

ஆனால் எல்லா மரத்திலும் குழாய்கள் நேராகப் போவதில்லை. சில மரங்களில் நார் முறுக்கிக்கொண்டு ஏறும். அந்தப் பக்கம் ஊற்றியது சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வரலாம். நாவலில் முறுக்கு உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டும். உண்டு என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

காய்ந்து முறிந்த ஒரு கிளையைச் செல்வின் வெட்டிப்போட்டார். நார் எப்படி ஓடுகிறது என்று பிளந்து பார்த்தேன். நேராக ஓடுகிறது. ஒரு கிளையை வைத்து முடிவு சொல்ல முடியாது.

மரத்தடியில் எங்கள் பக்கமாகப் பழைய செங்கற்கள் முழங்கால் உயரம் அடுக்கிக் கிடக்கின்றன. மே மாதத்தில் செல்வின் அடுக்கியது. கொல்லையில் கிடந்தால் பாம்பு அடையும் என்றார். மரத்தடியில் அடுக்கினால் மட்டும் அடையாதா என்று அப்போது நான் கேட்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்பு இருக்கும். யார் கை வைப்பது?

ஜூலை 6, ஞாயிறு

குளியலறையில் கொடிக் கம்பி கழன்றுவிட்டது. துளை போடும் மெஷினைத் தேடினேன். பரண், அலமாரி, எங்கும் இல்லை. பொருளைக் கண்ட இடத்தில் போட்டுத் தொலைக்கிற மனிதர் இல்லை செல்வின். கேட்டதும், "ஆபீஸ்ல குணசீலன் வாங்கிட்டுப் போனாரு" என்றார்.

கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது குணசீலனும் மனைவியும் எதிரே வந்தார்கள். பேச்சுவாக்கில் கேட்டேன், "வேலை முடிஞ்சதும் அந்த ட்ரில்லிங் மெஷினைக் குடுத்து விடுங்க."

"எந்த மெஷின்க்கா?"

"இல்ல, வேற யாரையோ நெனச்சிட்டேன்."

குணசீலன் மறதிக்காரர். புது வீடு கட்டுகிற ஆள், தலையில் ஆயிரம் வேலை இருக்கும். வாங்கியதை மறந்திருப்பார்.

உலகம்மா அக்கா தெருக்குழாயடியில் எனக்காக ஒதுங்கி நின்றாள். நான் போகும்வரை குடத்தை வைக்கவில்லை.

ஜூலை 9, புதன்

உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கு விடுப்புச் சொன்னேன். செல்வின் ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தார். கதவைப் பூட்டிக்கொண்டு படுத்துக்கொள், என்றார். சரி என்றேன். அவர் போனதும் பின்கதவைத் திறந்து போய் செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்தேன்.

பாம்பு இல்லை.

பட்டையில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றும் சாய்வாகக் கீழ்நோக்கி, ஊற்றினால் வெளியே வழியாதபடி. குழாய்க் கசிவை அடைக்கிற சாம்பல்நிறப் பசையால் மூடியிருந்தது. அதில் பெருவிரல் ரேகை பதிந்து காய்ந்திருந்தது. பசையைக் குத்தி எடுத்தேன். உள்ளே கட்டை கருத்திருந்தது. களைக்கொல்லி நெடி.

முன்பக்கம் செருப்புச் சத்தம். டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போயிருக்கிறார், எடுக்க வந்தவர் பின்கதவு திறந்திருப்பதைப் பார்த்து இங்கே வந்துவிட்டார். என் கையில் செங்கல் இருந்தது. இரண்டு பேரும் துளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏங்க?" என்றேன்.

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். "மாடியில ஒரு ரூம் எடுக்கணும்னு உங்கிட்ட எத்தனை தடவ கேட்டேன்?"

"அதுக்கு?"

"மொதத் தடவை கேட்டப்ப, அப்பாகிட்ட கேக்கணும்னே. உங்கப்பா போன பொறவு கேட்டப்ப, தூணுக்கு அஸ்திவாரம் தோண்டுனா மரத்து வேர் அறுந்துரும்னே. உங்கப்பா இருக்கும்போது உங்கப்பா. அவர் போன பொறவு அவரு வச்ச மரம்." குரலை உயர்த்தவே இல்லை. "கல்யாணத்துக்குப் பொறவு மாமா தனியா இருக்காருன்னு இங்க வந்தேன். அன்னையில இருந்து சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் உங்கிட்ட கேட்டுத்தான் அடிச்சிருக்கேன். இது ஒண்ணுதான் கேக்காமச் செஞ்சது."

"தினமும் தண்ணி ஊத்துனீங்களே!"

தலையைக் குனிந்துகொண்டார். "ஈரம் இருந்தாத்தான் மருந்து மேல ஏறும்னு கடைக்காரன் சொன்னான்."

நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார்.

"அந்த மனுசனை பனியனோட ஜீப்புல ஏத்துனாங்க. ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

"சொல்லணும்னுதான் இருந்தேன் ஹெப்சி. நீ ஸ்டேஷனுக்குக் கெளம்பும்போதே சொல்ல வாயெடுத்தேன். நீ அவ்வளவு நிச்சயமா இருந்தே."

டிபன் டப்பாவை எடுத்துக்கொள்ளாமலே ஆபீசுக்குப் போனார்.

ஜூலை 10, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இட்லி மாவு புளித்துவிட்டது. தோசை வார்த்தேன். அவர் தட்டை அவரே கழுவி வைத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

என்னோடு படித்த ராஜாத்தி வேளாண் கல்லூரியில் பேராசிரியையாக இருக்கிறாள். வரச்சொல்லியிருந்தேன். மரத்தைச் சுற்றி வந்தாள், பட்டையை அங்கங்கே கீறி ஈரம் பார்த்தாள்.

"நார் நேரா ஓடுறதால நல்லதாப் போச்சு ஹெப்சி. மருந்து இந்தப் பக்கத்தோட நிக்குது. உங்க பக்கத்துக் கெளை பூராத்தையும் எடுத்துரணும். துளை போட்ட கட்டையைச் சுத்தமாச் செதுக்கி எடுத்துரணும். அந்தப் பக்கம் பிழைக்கலாம். பிழைக்கும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

"அப்ப நிக்கப்போற பாதி பூராவும் பக்கத்து வீட்டு மாடியிலதான் இருக்கும்?"

"ஆமா. அவங்களுக்குச் சம்மதமா கேட்டுக்கோ. அந்தப் பக்கத்துல கை வச்சா முழுசும் போயிரும்." கிளம்பும்போது, "யார் செஞ்சது?" என்று கேட்டாள்.

செல்வின் காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். "தெரியலை" என்றேன்.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளியிலிருந்து நேராகக் காவல் நிலையம் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றேன். காரணம் கேட்டார்கள். தவறான தகவல் என்று எழுதிக் கொடுத்தேன்.

பிறகு பக்கத்து வீட்டு கேட்டைத் தட்டினேன். உலகம்மா அக்கா திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். ஆவுடையப்பன் அண்ணாச்சி முட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் செய்யலைன்னு தெரிஞ்சுபோச்சு. புகாரை வாபஸ் வாங்கிட்டேன்."

"யாரு செஞ்சதுன்னும் தெரிஞ்சுதோ?"

கேட்டுவிட்டு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், வேறு கேட்கவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்தவருக்கு, பழுது எந்தப் பக்கம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

பாதி மரத்தைப் பற்றிச் சொன்னேன். நிற்கப்போவது அவர் மாடிக்கு மேலே இருக்கிற பாதி, இலையும் பழமும் அவர் தகட்டில்தான் விழும், அதை வெட்டாமல் விட்டால்தான் மரம் பிழைக்கும் என்றேன்.

உலகம்மா அக்காதான் முதலில் பேசினாள். "எங்க வீட்டுப் பாயசத்தைத் திருப்பி அனுப்பினியே, அதுல வெசம் இருக்கும்னா நெனச்சே?"

"அக்கா..."

"சும்மா இரு உலகு," என்றார் அண்ணாச்சி. என்னைப் பார்த்துச் சொன்னார்: "டீச்சர், ஜீப் வந்தப்ப தெருவே பாத்துச்சு. நீங்க வாபஸ் வாங்குனதைத் தெரு பாத்துச்சா?"

"இல்ல."

"பலசரக்குக் கடையில என்னைப் பாத்தா பேச்சை நிறுத்துதானுவ. மரம் வெட்ட ஆள் என்னைக்கு வருது?"

"ஞாயித்துக்கிழமை."

"அன்னைக்கு எல்லாரும் வீட்ல இருப்பாங்க. அவங்க காதுல விழுற மாதிரிச் சொல்லுங்க. மரத்தை வச்சுக்கிடுததா வேண்டாமாங்கிறதை அதுக்குப் பொறவு நான் சொல்லுதேன்."

ஜூலை 17, வியாழன்

அண்ணாச்சி கேட்டதைச் செல்வினிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எங்காவது போய்விடட்டுமா என்று கேட்டார். போங்கள் என்று சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். "அவர் செய்தார்" என்று சொன்னால் அது உண்மை. ஆனால் போலீசில் எழுதிக் கொடுத்தது அவர் இல்லை. பாயசத்தைத் திருப்பி அனுப்பியதும் அவர் இல்லை. செங்கல்லைப் பார்த்துக்கொண்டே புளி கரைத்தது யார்?

ஜூலை 20, ஞாயிறு

மரவெட்டிகள் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். கயிறு, ஏணி, மின்ரம்பம். சத்தம் கேட்டுத் தெரு கூடியது. எதிர்வீட்டுக்காரர்கள், பலசரக்குக் கடைக்காரர், அன்றைக்கு கேட்டில் நின்ற எல்லோரும். ஆவுடையப்பன் அண்ணாச்சி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உலகம்மா அக்கா பின்னால் நின்றாள்.

செல்வின் எங்கும் போகவில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார்.

நான் கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்தேன். ஒருமுறை இருமிக்கொண்டேன்.

"எல்லாரும் கேளுங்க. இந்த மரத்துக்கு மருந்து வச்சது அண்ணாச்சி இல்ல. அவர் மேல புகார் குடுத்தது தப்பு." செல்வினைத் திரும்பிப் பார்த்தேன். "நாங்கதான் வச்சோம்."

யாரோ "ஏசப்பா" என்றார்கள். பலசரக்குக் கடைக்காரர் என்னையும் செல்வினையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஏணிக்குப் பின்னாலிருந்து செல்வின் சொன்னார்:

"நாங்க இல்ல. நான்."

ஏணியை விட்டுவிட்டு வெளியே வந்து, தெருவுக்கு நடுவில், அண்ணாச்சி முன்னால் போய் நின்றார். கை இரண்டும் பக்கத்தில் தொங்கின. "எம் பொண்டாட்டிக்குத் தெரியாது. உங்களைக் கூட்டிட்டுப் போனப்ப ஜன்னல்ல நின்னேன். இறங்கி வந்து சொல்லத் தைரியம் இல்ல அண்ணாச்சி."

அண்ணாச்சி அவரை அண்ணாந்து பார்த்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செல்வினைத் தாண்டி மரத்தடிக்கு வந்தார். மரவெட்டிகளிடம் சொன்னார்:

"எந்தக் கெளைன்னு டீச்சர்கிட்ட கேட்டு வெட்டுங்க. எம் பக்கத்துல ஒரு இலை மேலயும் கை படப்படாது."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினேன்.